வியாழக்கிழமைப் பிரதி

செம்பூர்
10 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, எனக்குப் பாதி வாயில் வருவதில்லை. அதனால் மெயில். தமிழில் டைப் அடித்து நாளாயிற்று. பிழை இருந்தால் பென்சிலை எடுக்காமல் படியுங்கள்.

ஃபைல்களைப் பிரதி எடுத்து வைக்க நீங்கள் போட்ட அந்த பேக்கப் புரோகிராமின் பாஸ்வேர்ட் எனக்கு வேண்டும். நீங்கள் உங்கள் பெண் ருக்கு வீட்டுக்குப் போன பதினைந்து நாளில் கம்ப்யூட்டர் இன்னும் மோசமாகிவிட்டது. காலையில் பட்டனை அழுத்தினால் மானசாவைக் குளிப்பாட்டி முடிக்கும்போதுதான் திரை வருகிறது. மூலையில் சிவப்பு வட்டம் சுற்றிக்கொண்டே, ‘பேக்கப் நடக்கிறது, மூன்று சதவீதம்’ என்கிறது. மூன்றிலேயே நிற்கிறது. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் உறைந்து போகிறது. டிஸ்கில் இடமே இல்லையாம். புரோகிராமை எடுத்துவிடலாம் என்று போனால் நீங்கள் போட்ட பாஸ்வேர்டைக் கேட்கிறது. உங்கள் பிள்ளை அனந்திடம் சொன்னேன். “அப்பாட்ட நீயே கேட்டுக்கோ, என்னை நடுவுல இழுக்காதே” என்கிறார்.

என்ன அவசரம் என்று நினைப்பீர்கள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மானசா சாப்பிடும்போதோ விளையாடும்போதோ திடீரென்று அப்படியே நின்று, கண் ஒரே இடத்தில் நிலைத்து, பத்துப் பதினைந்து நொடி கழித்துத் தானாகத் திரும்பி வருவாளே, அதற்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து டாக்டரிடம் காட்டி வருகிறோம். இப்போது பரேலில் ஒரு பெரிய டாக்டர் பார்க்கிறார். உமைரா என்று பெயர். ஆரம்பத்திலிருந்து எடுத்த எல்லா வீடியோவையும் 21ஆம் தேதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் தினமும் மருந்து ஆரம்பிப்பதா வேண்டாமா என்று சொல்வாராம். ஆரம்பித்தால் வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கலாம். அவளுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை.

போனில் இடமில்லை என்று வீடியோக்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டேன். வேறு எங்கும் இல்லை.

அன்று நான் பேசியதைப் பற்றி இதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் பாஸ்வேர்ட் கேட்க மறந்துவிடுவேன்.

சாதனா


சான்பாடா
11 நவம்பர் 2025

சாதனாவுக்கு ஆசீர்வாதம்.

உன் மெயில் காலை 11.20க்குக் கிடைத்தது. பிழைகள் ஆறு. பென்சிலை எடுக்கவில்லை.

பாஸ்வேர்டைத் தருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இன்று தரப்போவதில்லை. காரணம்: அந்தப் புரோகிராமை எடுக்கும்போது ‘சேர்த்து வைத்த பிரதிகளையும் அழிக்கட்டுமா’ என்று ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ என்பதில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதில்லை. ரெக்கார்ட் செக்‌ஷனில் முப்பத்துநான்கு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், ஃபைல் தொலைவது தீ விபத்தில் அல்ல, சுத்தம் செய்யும் நாளில்தான்.

எனவே முதலில் எனக்குத் தெரிய வேண்டியவை. பிரதிகள் போய்ச் சேரும் கறுப்பு டிஸ்க் பெட்டி கம்ப்யூட்டரோடு சேர்ந்து இருக்கிறதா? அதன் நீல விளக்கு எரிகிறதா? நான் இரண்டு வருஷத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் பார்த்து வாங்கிய பெட்டி அது. பத்து வாரத்தில் இடம் இல்லை என்று சொல்ல நியாயம் கிடையாது. அது பொய் சொல்கிறது, அல்லது யாரோ சொல்லாமல் இருக்கிறார்கள்.

பதில் வந்ததும் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நீ கேட்காததையும் எழுதிவிடுகிறேன். “யாரும் கேக்காத காரியத்தை யார் உங்களைப் பண்ணச் சொன்னா” என்றாய். உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

குழந்தை சாப்பிடுகிறாளா?

அப்பா


செம்பூர்
13 நவம்பர் 2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று முழுவதும் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். பத்து நாள் கூட இல்லாதபோது கேள்வித்தாள் அனுப்புகிறீர்களே என்று.

ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் வாசிமைக் கூப்பிட்டேன். வந்தான். ஐந்து நிமிஷம் பார்த்தான். “பாபி, ஃபார்மேட் மார்னா படேகா” என்றான். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போடுவதாம். உள்ளே இருப்பது கிடைக்குமா என்று கேட்டேன். “தேக்தே ஹைன். கேரண்ட்டி நஹி” என்றான். பார்க்கலாம், உத்தரவாதம் இல்லையாம். கம்ப்யூட்டர் டப்பாவைத் தூக்கத் தயாராகிவிட்டான். நான் கம்ப்யூட்டருக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். “ஆப் கா டிவி தோடி லே ஜா ரஹா ஹூன்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். உங்கள் டிவியையா தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறான். யாரோ தொட்டு, யாரோ துடைத்து, 21ஆம் தேதி வெறும் கையோடு அந்த டாக்டர் முன்னால் உட்கார என்னால் ஆகாது.

உங்கள் கேள்விக்குப் பதில். விளக்கு எரியவில்லை. பெட்டி சேர்ந்து இல்லை.

பெட்டி என் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு துண்டில் சுற்றி இருக்கிறது. செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை காலை நான்தான் பிடுங்கினேன். அந்த நீல விளக்கு நிறுத்தாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. மானசா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிமிட்டும் வெளிச்சம் சில குழந்தைகளுக்கு அதைக் கிளப்பிவிடும் என்று நெட்டில் படித்திருந்தேன். ஓடிப்போய் ஒயரை இழுத்துவிட்டேன்.

உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். விளக்கின்மேல் ஒரு கறுப்பு டேப் ஒட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் சொல்லும்போது ‘எதைக் கிளப்பிவிடும்’ என்று கேட்பீர்கள். அந்த வார்த்தையை நான் அனந்திடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வலிப்பு. இதோ எழுதிவிட்டேன். எழுதினால் ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபரில் கம்ப்யூட்டர் திணறியபோது, உங்கள் புரோகிராம்தான் காரணம் என்று ஹாலில் நின்று கத்தினேன். பெட்டியை நான் எடுத்ததை அப்போதும் சொல்லவில்லை.

அவள் சாப்பிடுகிறாள். காலையில் தோசை ஒன்றரை.

சாதனா


சான்பாடா
14 நவம்பர் 2025

சாதனாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை ருக்கு எதிரில் இருந்தாள், அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது. அந்தப் புரோகிராம் தினம் ஒரு தடவை ஓடும், ஆனால் எல்லா நாளும் ஒரே நேரத்தில்தான் ஓடுமாம். அது எனக்குச் சரிப்படவில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரைக்கு, செவ்வாய் மூன்றுக்கு, வெள்ளி பத்தரைக்கு. ஒரே மணியைப் போட்டால் ஏதாவது ஒரு நாள் இடிக்கும். வேறு மணி பார்த்திருக்கலாம், காலை ஆறு என்றால் எந்த நாளும் இடிக்காது. ஆனால் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை யார் போடுவார்கள்? ஆகவே கிழமைக்கு ஒன்றாக ஏழு வேலைகள் தனித்தனியாக எழுதி வைத்தேன். ஒவ்வொன்றும் அன்றன்று புதிதாக வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பினேன். இங்கே மாப்பிள்ளையின் உதவியோடு அதன் விளக்கப் புத்தகத்தைப் படித்துப் பார்த்ததில், அப்படி இல்லை. ஏழும் ஒன்றையொன்று அறியாது. ஏழும் முழுக் கம்ப்யூட்டரையும் தனித்தனியாகப் பிரதி எடுத்திருக்கின்றன. பெட்டி இல்லாத நாட்களில், பெட்டி வரும்போது கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மூலையில் அடுக்கிக்கொண்டே போயிருக்கின்றன. முந்தையது முடியாமல் அடுத்த கிழமை வந்து நிற்கிறது. அதுதான் உன் மூன்று சதவீதம்.

நீ பெட்டியை எடுத்தாய். நான் ஒன்றை ஏழாக்கினேன். வாசிமுக்கு இது தெரிய வேண்டியதில்லை. தெரிந்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும்.

செய்ய வேண்டியது: வாசிமை மறுபடி கூப்பிடு. கம்ப்யூட்டரை அத்தியாவசியமான பாகங்கள் மட்டும் எழும்படி, சேஃப் மோடில், ஆரம்பிக்கச் சொல். அப்போது புரோகிராம் தானாக ஓடாது. அதன் ஏழு வேலைகளையும் நிறுத்து. நிறுத்துவது வேறு, எடுப்பது வேறு. இப்போது எடுக்காதே. உள்ளே குவிந்திருப்பதில் பழைய இரண்டு வாரத்தை மட்டும் அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு வீடியோக்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார். டீ கொடு, ஆனால் அடுப்படிக்குப் போகாதே, அனந்தைப் போடச் சொல்.

பாஸ்வேர்டைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பூட்டையும் சாவியையும் ஒரே உறையில் வைப்பது எங்கள் செக்‌ஷனில் வழக்கமில்லை.

அப்பா


செம்பூர்
16 நவம்பர் 2025, ஞாயிறு

அப்பாவுக்கு,

நேற்று வாசிம் வந்தான். நீங்கள் எழுதியதை வரிசையாக அவனிடம் இந்தியில் படித்துக் காட்டினேன். “யே கிஸ்னே பதாயா?” என்றான், யார் சொல்லிக் கொடுத்தது என்று. மாமனார் என்றேன். “அங்கிள் கோ துகான் பே பிட்டா தோ” என்றான். உங்களைக் கடையில் உட்கார வைத்துவிடலாமாம். ஏழு வேலைகளின் பெயரையும் பார்த்தான். சோம், மங்கள், புத் என்று கிழமைகளை விரல் விட்டு எண்ணினான். ஏன் ஏழு என்று கேட்டான். நான் ராகுகாலத்தை இந்தியில் விளக்கப் புகுந்து, பாதியில் அனந்த் சமையலறையிலிருந்து சிரிப்பது கேட்டு விட்டுவிட்டேன்.

நிறுத்தியாயிற்று. உள்ளே குவிந்ததில் பழையதை அழித்தாயிற்று. கம்ப்யூட்டர் இரண்டே நிமிஷத்தில் திறக்கிறது. வீடியோக்கள் பத்தும் கிடைத்துவிட்டன. பத்தையும் பென் டிரைவில் ஏற்றி, அதை என் தாலிச் சங்கிலியில் கோர்க்காத குறை. இதோடு முடித்திருந்தால் நல்ல கடிதம்.

அப்பா, பதினொன்று இருக்க வேண்டும்.

முதல் தடவை, ஆகஸ்ட் 14, நீங்கள் உங்கள் டேப்லெட்டில் எடுத்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘முதல் வீடியோ அவசியம்’ என்று அடிக்கோடு போட்டிருக்கிறது. அதை நான் அழித்தேன். செப்டம்பர் கடைசியில், இடம் பற்றாமல் கண்டதையெல்லாம் தள்ளியபோது. பாதி நேரம் ஃபேன்தான் தெரிந்தது, படம் ஆடியது, உங்கள் சத்தம் வேறு காதைப் பிளந்தது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று அழித்துவிட்டுக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அப்போது சீட்டு கையில் வரவில்லை.

உள்ளே மிச்சமிருக்கும் பிரதிகளில் தேடினேன், இல்லை. அவை நான் அழித்தபிறகு எடுத்தவை. உங்கள் டேப்லெட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பெட்டிதான் பாக்கி. பீரோவிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். ஒயரைச் செருகப் பயமாக இருக்கிறது. நான் இதில் அழித்ததைப் பார்த்து அதுவும் அழித்துவிடும் என்று வாசிம் சொல்கிறான்.

சாதனா


சான்பாடா
17 நவம்பர் 2025

சாதனாவுக்கு ஆசீர்வாதம்.

டேப்லெட்டில் இல்லை. ருக்குவுக்கு அனுப்பலாம் என்று எடுத்தது. எடுத்தபிறகு அனுப்ப மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு இங்கே அழித்தேன்.

வாசிம் சொல்வது சரி. வேலைகள் ஓடினால் அழிக்கும். ஆனால் ஏழையும் நீ நிறுத்தியிருக்கிறாய். தைரியமாகச் செருகு. நீ பெட்டியைப் பிடுங்கியது வெள்ளிக்கிழமை காலை. எனவே கடைசியாக முழுதாக முடிந்தது வியாழக்கிழமைப் பிரதி, செப்டம்பர் 11, மாலை மூன்றரை. நீ அழித்தது அதற்கு இரண்டு வாரம் பிறகு. அந்தச் சமயம் பெட்டி பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. புரோகிராமைத் திற, ‘திரும்ப எடு’ என்பதில் வியாழனை மட்டும் தேர்ந்தெடு, பழைய இடத்தில் போடாதே, புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இறக்கு. வந்ததைத் திறந்து, ஓடவிட்டு, கண்ணால் பார்த்தபிறகுதான் புரோகிராமை எடுக்க வேண்டும். ‘பிரதிகளையும் அழிக்கட்டுமா’ என்பதில் டிக்கை எடுத்துவிடு.

சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். என் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று எனக்குத் தெரியாது. காதில் மெஷின் வைத்தபிறகும் தெரியவில்லை. மற்றவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்துக் குறைத்துக்கொள்வேன். அன்று யார் முகத்தையும் பார்க்க நேரமில்லை. அவள் கையில் இட்லித் துண்டோடு நின்றுபோனாள். கூப்பிட்டேன்.

இன்னொன்று. நான் ஏன் அந்தப் புரோகிராமைப் போட்டேன் என்று நீ கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் அன்று சொல்லியிருக்க மாட்டேன். ஆகஸ்ட் கடைசியில் நீங்கள் இருவரும் பால்கனியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதைப் பல நாள் பார்த்தேன். காது போனவனுக்குத் தாழ்ந்த குரலும் ஒன்றுதான், சாதாரணக் குரலும் ஒன்றுதான். உதடு தெரியும். ‘டாக்டர்’ தெரிந்தது. ‘வீடியோ’ தெரிந்தது. குழந்தையைப் பற்றி என்று தெரிந்தது. என்னை அழைத்துச் சொல்வீர்கள் என்று நான்கு நாள் காத்திருந்தேன். பிறகு ஃபோர்ட் கடைத்தெருவுக்குப் போய் அந்தப் பெட்டியை வாங்கி வந்தேன். எந்த வீடியோ வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் வைத்தேன்.

அப்பா


செம்பூர்
18 நவம்பர் 2025

அப்பாவுக்கு,

கிடைத்தது. வியாழனில் இருந்தது. நாற்பத்தொரு நொடி.

விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டுத்தான் செருகினேன்.

மூன்று இடத்தில் பிரதி வைத்தேன். அதன்பிறகு வாசிம் போனில் சொல்லச் சொல்ல நானே புரோகிராமை எடுத்தேன். டிக் போட்டுத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தேன். சிவப்பு வட்டம் இல்லை. இனி வாரத்துக்கு ஒருநாள் கையாலேயே பெட்டியில் நகல் எடுப்பது என்று அனந்த் சொல்கிறார். கிழமையை நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு கிழமை.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்குப் பதில். நாலு தடவை எழுதி அழித்தேன். பால்கனியில் நாங்கள் பேசியது உங்களிடமிருந்து மறைக்க அல்ல. அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

சாதனா


சான்பாடா
22 நவம்பர் 2025

சாதனா,

நேற்று 21. அனந்த் ‘டெஸ்ட் பண்ணணும்’ என்று ஒரு வரி அனுப்பினான். ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ருக்கு மூன்று முறை காபி கொடுத்துவிட்டாள்.

எழுது. நல்லதானாலும் அல்லாததானாலும் எழுது.

அப்பா


செம்பூர்
25 நவம்பர் 2025

அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பாதிச் செய்தியை அனுப்பினால் மீதியை நீங்கள் கற்பனை செய்வீர்கள், அந்த விஷயத்தில் நீங்கள் எனக்குக் குறைந்தவர் இல்லை. அதனால் முழுசாகத் தெரியட்டும் என்று காத்திருந்தேன். இன்று மதியம் தெரிந்தது. டெஸ்டில் ஒன்றும் இல்லை. மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதம் கழித்து ஒருமுறை காட்டினால் போதும். ஊருக்கெல்லாம் சொல்லுங்கள். முதலில் ருக்குவிடம்.

இனி நிதானமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் உமைரா பத்து வீடியோவையும் வரிசையாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு உங்களுடையதைப் போட்டார். ஃபேன் வந்தது, சுவர் வந்தது, மானசா வந்தாள், நின்றுபோனாள். உடனே உங்கள் குரல். “மானசா. டீ மானசா. இங்க பாரு, தாத்தாவைப் பாரு.” அந்தச் சின்ன அறையில் அது ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி கேட்டது. வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பையனின் அப்பா எட்டிப் பார்த்தார். நீங்கள் தட்டில் ஸ்பூனால் தட்டுகிறீர்கள். அவள் திரும்புகிறாள். ‘ம்’ என்று இட்லிக்கு வாயைத் திறக்கிறாள்.

டாக்டர் அதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: மற்ற பத்திலும் யாருமே குழந்தையைக் கூப்பிடவில்லையே, ஏன்? அனந்த், “அவ வீடியோ எடுத்துண்டிருந்தா” என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார். காரணம் அது இல்லை. கூப்பிட்டு, அவள் திரும்பாமல் இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் பத்து தடவையும் வாயை மூடிக்கொண்டு போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டால் திரும்பும் குழந்தைக்கு நாம் பயந்த நோய் இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை என்றார். ஏதோ யோசனையில் ஆழ்ந்துபோகிறாள், சில குழந்தைகள் அப்படித்தான் என்றார். உறுதி செய்துகொள்ளத்தான் தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் அந்த டெஸ்ட். நேற்று எடுத்தார்கள். மானசா அந்த ஒயர்களை ‘பூ’ என்றாள். எடுத்தபிறகு திரும்ப வைக்கச் சொல்லி அழுதாள். இனி எப்போது அப்படி நின்றாலும் வேடிக்கை பார்க்க வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தொடுங்கள் என்று சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறார்.

“யாரும் கேக்காத காரியம்” என்று சொன்னேன். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினால் போதாது. ஆனால் வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சனிக்கிழமை வாருங்கள், அப்பா. கம்ப்யூட்டருக்காக இல்லை, அது நன்றாக ஓடுகிறது. அனந்த் சான்பாடாவுக்கு வந்து பைகளைத் தூக்கிக்கொள்கிறார். எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நேரில் கேட்கிறேன், உங்களுக்குக் கேட்கும்வரை கேட்கிறேன்.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சமையலறை வாசலில் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நின்றுபோனாள். கண் ஜன்னலில். என் கை பழக்கத்தில் போனைத் தேடியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவை எங்கிருந்து வந்ததோ தெரியாது, பாத்திரம் வைக்கும் அலமாரி அதிர்ந்தது. திரும்பினாள். வாயில் பாதி சப்பாத்தி.

“கத்தாதேம்மா” என்றாள்.

கத்தினேன், அப்பா. அவள் பெயரையே சொல்லிச் சொல்லிக் கத்தினேன். அவளுக்குப் பிடித்துப்போய், ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, கூப்பிட்டதும் திரும்பி, கத்தாதேம்மா, கத்தாதேம்மா என்று அவளும் கத்தினாள். கீழ் வீட்டு அபயாம்பாள் மாமி என்னவோ ஏதோ என்று மூச்சிரைக்க மாடி ஏறி வந்துவிட்டாள்.

சாதனா